ஒன்பதாம் எண் நிழல்

கல்யாணமான நாற்பத்தோராவது நாள், மாமியார் வீட்டு மொட்டை மாடியில் உலகம்மாள் கூழ்வத்தல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவளுடைய நிழல் மட்டும் எழுந்து, கொண்டையை இறுக்கி முடிந்து, படியிறங்கி, தேசிய மகளிர் கால்பந்து லீக்கில் ஆடுவதற்காக ரயிலேறிப் போனது. உலகம்மாள் தடுக்கவில்லை. கையெல்லாம் கூழாக இருந்தது. அதோடு, அன்று மதியம்தான் ரயில் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் பல் விளக்கியதிலிருந்து அந்த ரயிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தான் நினைத்ததையே தன் நிழலும் நினைத்திருக்கிறது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மிச்சக் கூழையும் ஊற்றி முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெயிலில் நிழலில்லாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கால் லேசாக இருந்தது. அழுகை வந்தது.

அந்த லீக் பிறந்த கதை இப்படி. ஆண்களுக்கு முதல் லீக், இரண்டாம் லீக், மாநில லீக், மாவட்ட லீக், கம்பெனி லீக் என்று எல்லாம் வைத்து முடித்து, கோப்பை கொடுத்துக் கொடுத்துக் கை அலுத்துப்போன பெரியவர்களுக்கு ஒருநாள் பெண்களின் ஞாபகம் வந்தது. வந்ததும், பந்தி முடிந்து அண்டா கழுவுகிற நேரத்தில் வந்த விருந்தாளிக்கு இலை போடுகிற முகத்தோடு, வடக்கே ஓர் ஊரில் ஆறு அணிகளைக் கூட்டி, ஒரே மைதானத்தில், பத்தே நாளில், ஒரு லீக்கை நடத்தி முடித்தார்கள். சாயங்கால மைதானம் ஆண்களின் பயிற்சிக்கு வேண்டும் என்பதால் பெண்களுக்கு உச்சி வெயிலில் ஆட்டம் வைத்தார்கள். கக்கூசுக்கு அரை மைல் நடக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் மைதானத்துக் காவல்காரரும் அவருடைய நாயும்தான், அதிலும் நாய் பாதியில் எழுந்து போய்விட்டது.

அந்த ஆறில் ஒன்று மஞ்சணூத்து அணி. மலையடிவாரத்தில் பீடிக்கடைகளும் செங்கல் சூளைகளுமாகக் கிடந்த அந்த ஊரில், ஹெப்சிபா டீச்சர் என்கிற விளையாட்டு ஆசிரியை வீடு வீடாகப் போய், கொடுத்த காப்பியையெல்லாம் குடித்து, கேட்ட வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, “ரெண்டே மாசம் குடுங்கண்ணாச்சி, பத்திரமா கொண்டாந்து விட்டுருதேன்” என்று கும்பிட்டுக் கூட்டிச் சேர்த்த பதினாறு பிள்ளைகள். அதில் ஒன்பதாம் எண் சட்டை உலகம்மாளுடையது. முதல் வருடம் ஐந்து ஆட்டத்தில் ஏழு கோல் அடித்தாள். கரியாகக் கறுத்த முகத்தோடும் உள்ளங்கை அளவுக் கோப்பையோடும் திரும்பி வந்தாள். அவளுடைய அப்பா கோப்பையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார், தை பிறந்ததும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். மாப்பிள்ளை குத்தாலிங்கம் அந்த ஊரிலேயே மைக்செட் வைத்திருப்பவன்; கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் லைட்டும் ஃபோகஸ் லைட்டும் அவனுடையவைதான். நிச்சயத்தன்று அவனுடைய அம்மா இசக்கியம்மாள், “இனிமே பந்து கிந்துன்னு வெளிய போகப்பிடாது” என்று சொன்னாள். “போகமாட்டா” என்று அப்பா சொன்னார். உலகம்மாளை யாரும் கேட்கவில்லை. நிழலை யாரும் கேட்கவும் இல்லை.

ஸ்டேஷனில் ஹெப்சிபா டீச்சர் பிள்ளைகளை எண்ணினாள். பதினைந்து பிள்ளைகளும் பதினாறு நிழல்களும் இருந்தன. மறுபடியும் எண்ணினாள். தனியாக நின்ற நிழல் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்த விதத்திலேயே அது யாருடையது என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. “ஒனக்கு டிக்கெட் வேண்டாம்லா? ஏறு” என்றாள்.

நிழல் எப்படிப் பந்தாடும் என்று கேட்பவர்கள், பந்துக்கும் நிழல் உண்டு என்பதை யோசிக்காதவர்கள். உலகம்மாளின் நிழல் பந்தின் நிழலை உதைத்தது. நிழல் போன பக்கம் பந்து போகத்தானே வேண்டும், போனது. முதல் ஆட்டத்தில் நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எத்தனை பேர் ஆட வேண்டும், என்ன சட்டை போட வேண்டும், காதில் கம்மல் கூடாது என்பதெல்லாம் இருந்தது. ஆடுகிறவளுக்கு உடம்பு இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஆட்டத்தோடு ஓடத் தொடங்கினார்.

ஊரில் இதை முதலில் கவனித்தவள் எதிர்வீட்டு வடிவக்கா. குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் உலகம்மாளின் காலடியைக் குனிந்து பார்த்தாள்.

“ஏளா உலகு, ஒன் நிழல எங்க?”

“மேச்சுக்குப் போயிருக்குக்கா.”

“எப்பம் வரும்?”

“லீக் முடியணும்லா.”

“அப்பஞ் சரி” என்று வடிவக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “உச்சி வெயில்ல நிக்காதளா, தல சுத்தப்போவுது.”

தெரு அந்த அளவோடு விட்டுவிட்டது. இசக்கியம்மாள் மட்டும், நிழலில்லாத மருமகள் நல்லது கெட்டதுக்குத் தாம்பாளம் தூக்கலாமா கூடாதா என்று கோயில் பூசாரியைப் போய்க் கேட்டாள். பூசாரி கண்ணை மூடி யோசித்துவிட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறோமே, அதைப்போல இவள் நிழலை ஸ்டேஷனில் விட்டிருக்கிறாள், தீட்டு ஒன்றுமில்லை என்று திருநீறு கொடுத்து அனுப்பினார். குத்தாலிங்கத்துக்குத்தான் மூன்று நாள் கோபம். “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படிப் போவும்?” என்று ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். அவள் கேட்டிருந்தால் விட்டிருப்பானா என்று அவளும் கேட்கவில்லை.

நாலாம் நாள் உச்சி வெயிலில் உலகம்மாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று முழங்காலுக்குக் கீழே யாரோ கம்பியால் அடித்ததுபோல வலி இறங்கியது; பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் தோல் பிளந்து ரத்தம் ஒழுகியது. இடுப்பில் ஒரு மிதி விழுந்தது, தோளில் இன்னொன்று விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, நிழல் ஆடுகிறது என்று கேள்விப்பட்டு ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த வடிவக்கா வீட்டு டிவியிலிருந்து பெருங்கூச்சல் கேட்டது, வடிவக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

“ஒன் நிழலு கோல் அடிச்சிட்டுட்டி! ரெண்டு பேரு மிதிக்க மிதிக்க ஊடால பூந்து போயி அடிச்சிட்டு!”

உலகம்மாள் காத்திருந்தாள். கோல் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அடிவயிற்றில் பிறந்து, நெஞ்சை முட்டிக்கொண்டு ஏறி, தொண்டையில் வந்து கத்தலாக உடையும், அதன் பிறகு ஒரு பத்து நொடி உலகத்தில் யாரைக் கண்டும் பயம் இருக்காது. அந்தப் பத்து நொடிக்காகத்தான் அவள் உச்சி வெயிலில் ஓடியதே. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தாள். அது வரவில்லை. அடி மட்டும் வீட்டுக்கு வந்தது, கோல் அங்கேயே நின்றுவிட்டது, அது நிழலுக்குப் போனது.

லீக் முடிந்தும் நிழல் ஊருக்கு வரவில்லை. அணியோடேயே தங்கிவிட்டது. அதற்குள் ஊருக்கு ஊர் அதைப் பற்றிப் பேச்சாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ‘மஞ்சணூத்தின் மானமே!’ என்று பிளக்ஸ் கட்டினார்கள். அதில் கைகட்டி நிற்கிற குத்தாலிங்கமும் பாய்கிற நிழலும் இருந்தார்கள். உலகம்மாளையும் ஒரு ஓரத்தில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள், ஆனால் நிழலில்லாமல் நிற்கிறவளைப் போட்டால் அச்சில் ஏதோ கோளாறு என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று கடைக்காரன் எடுத்துவிட்டான். குத்தாலிங்கம் உள்ளூர் மைதானத்துக்கு நிரந்தர மைக்செட்காரன் ஆனான். இசக்கியம்மாள் கல்யாண வீடுகளில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, “எங்கூட்டு நிழலு” என்று பேச்சைத் தொடங்கப் பழகிக்கொண்டாள்.

லீக்கின் பெரியவர்கள் அடுத்த வருடம் நிழலை முறையாகப் பதிவு செய்தார்கள். மருத்துவச் சோதனைக்கு வந்த டாக்டர் தரையில் மண்டியிட்டு, நெஞ்சு இருக்கும் இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, ‘நோய் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். உச்சி வெயிலில் நிழல் சுருண்டு ஒரு தோசை அளவுக்குக் காலடியில் கிடந்ததால் ஆட்டத்தை மாலை நாலு மணிக்கு மாற்றினார்கள். பெண்கள் ஏழு மனு எழுதியும் கிடைக்காத நாலு மணி, நிழலுக்கு ஒரே நாளில் கிடைத்தது. அப்புறம்தான் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். நிழலுக்குச் சாப்பாடு வேண்டாம், விடுதி வேண்டாம், கதவுள்ள கக்கூஸ் வேண்டாம். அது மாதத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காராது. ஏன் எங்களுக்கு மட்டும் பழைய பந்து என்று கேட்காது. “பெண்கள் கால்பந்துக்கு இத்தனை நாள் தடையாக இருந்தது எது என்று இப்போதுதான் புரிகிறது” என்று செயலாளர் மேடையில் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

பெற்றவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. பிள்ளையும் வீட்டைவிட்டுப் போகாது, பேரும் வரும். மற்ற பிள்ளைகளின் அப்பன்மார் குத்தாலிங்கத்திடம் வந்து, “ஒம்ம பொண்டாட்டிக்கு எப்படிவே பிரிஞ்சிது?” என்று விசாரித்தார்கள். தானாகப் போனது என்று அவன் சொன்னான். அவர்களுடைய பிள்ளைகளின் நிழல்கள் தானாகப் போகவில்லை. போவதற்கு அந்தப் பிள்ளைகளை யாரும் அதுவரை பூட்டி வைத்திருக்கவில்லை. ஆனால் லைட்டோடு பிறந்து வளர்ந்தவனுக்கு நிழலின் நெளிவுசுளிவு தெரியாதா? ஃபோகஸ் லைட்டை முழங்கால் உயரத்தில் வைத்து, நிழல் நீண்டு மெலிந்து சுவரில் ஏறும்போது, குதிகாலோடு அது ஒட்டியிருக்கிற இடத்தில் நனைத்த துணியை அழுத்திக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஓரத்தை நகத்தால் தூக்கி இழுத்தால், சுவரிலிருந்து பழைய போஸ்டரைக் கிழிக்கிற சத்தத்தோடு பிரிந்து வந்துவிடும் என்று ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டான். பிள்ளைகள் கத்துவார்கள். அதற்குத்தான் குழாய் ஸ்பீக்கர் இருந்தது.

இரண்டு வருடத்தில் அது சடங்காகிவிட்டது. ஆடப்போகிற பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, பட்டுக் கட்டி, தாய்மாமன் புது பூட்ஸை வெற்றிலையோடு தட்டில் கொண்டுவந்து நிழலின் கால்மாட்டில் வைப்பார். ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுவார்கள். கைராசிக்காரி என்று உலகம்மாளைத்தான் கையைப் பிடிக்கக் கூப்பிடுவார்கள். அவள் பிடித்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். நாலைந்து வருடத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, முகத்தைப் பார்க்காமல், “ஆச்சு, ஆச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவக்காவின் மகள் பூமயிலைப் பிடித்தபோது மட்டும் கையை விட்டுவிட்டாள், வடிவக்காவே வந்து பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து ஊர்கள், பக்கத்து மாநிலங்கள், வடகிழக்கு மலை ஊர்கள் எல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆறாம் வருடம் லீக்கில் பதினான்கு அணிகள் இருந்தன, உடம்போடு ஆடிய பெண் ஒருத்திகூட இல்லை. மைதானங்கள் நிரம்பின. மேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தினார்கள், மேகம் போனால் தொடர்ந்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள் திடீர் திடீரென்று அடுப்படியிலும் பஸ்ஸிலும் வகுப்பறையிலும் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு துடித்தார்கள். மஞ்சணூத்துக் கட்டு வைத்தியர் தன் கொட்டகையில் டிவி வாங்கி வைத்து, யார் மிதிபடுகிறார்கள் என்று பார்த்து, ஆள் வந்து சேர்வதற்குள் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் தயார் செய்து வைத்தார். பெண்கள் கால்பந்தின் பொற்காலம் என்று லீக்கின் ஆண்டு மலரில் எழுதினார்கள். உலகம்மாளின் நிழல் அதுவரை அறுபத்திரண்டு கோல் அடித்திருந்தது. உலகம்மாளுக்கு இரண்டு விலா எலும்பு கூடாமல் போயிருந்தது, இடது கையை முழுக்க நீட்ட முடியாது, கீழ்வரிசையில் மூன்று பல் இல்லை.

அந்த வருடம் அவள் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தாள். ஒரு சாயங்காலம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கோ இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், கீழே விழுந்த நிழலின் வயிற்றில் ஒரு தடுப்பாட்டக்காரியின் நிழல் இரண்டு காலாலும் குதித்தது. முறம் கவிழ்ந்தது. கட்டு வைத்தியரிடம் இதற்குப் பத்தை கிடையாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிள்ளை நிற்கவில்லை. இரண்டாம் நாள் குத்தாலிங்கம் வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “அதுக்கு ஃபவுல்கூடக் குடுக்கலட்டி” என்றான்.

அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான் என்பதுதான் உலகம்மாளைக் கொன்றது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அடியை நிறுத்த வேண்டும் என்றுகூட அவளுக்கு இல்லை. ஆட்டமென்றால் அடி உண்டு. அடி விழுகிற உடம்பிலேயே கோலும் விழ வேண்டும், அவ்வளவுதான். நிழல் அவளுக்குத் திரும்ப வேண்டும். அதன் மேல் ஏறி, குதிகாலோடு குதிகால் வைத்து நின்றால் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது, ஆனால் நிற்க அது கிடைக்க வேண்டுமே.

உடம்பு தேறியதும் ஹெப்சிபா டீச்சரைப் பார்க்கப் போனாள். டீச்சர் இப்போது லீக் கமிட்டியில் இருந்தாள். சுவர் முழுக்கக் கோப்பைகள்.

“டீச்சர், எனக்கு என் நிழலு வேணும். நான் ஆடுதேன்.”

டீச்சர் அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அழவில்லை.

“ஒன்னால இப்பம் ஓட முடியுமா உலகு?”

“ஓடிப் பாக்கேன்.”

“நிழலுக்கு வயசாகல. ஒனக்கு ஆயிருக்கு. அது அங்க இருவது வயசு உலகாத்தான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, அதப் போயி இந்த ஒடம்புல மாட்டிவிடச் சொல்லுதியே, பாவமில்லையா?” டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். “வீடு வீடாப் போயி கும்பிட்டு நின்னவ நான். இப்பம் அவங்களா கொண்டாந்து குடுக்காங்க. இதக் கெடுத்துராதம்மா. அதோட, ரெஜிஸ்ட்ரேஷன் நிழல் பேர்லதான் இருக்கு. நீ உள்ள வந்தா ஆட்டமே செல்லாது.”

காப்பி வந்தது. உலகம்மாள் குடித்துவிட்டு வந்தாள்.

ஏழாம் வருடம் இறுதியாட்டம் மஞ்சணூத்து மைதானத்துக்கே வந்தது. வடகிழக்கு மலை ஊர் அணியோடு ஆட்டம். மூங்கில் காலரி கட்டி, இருபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு அங்கேயே சடங்கு என்பதால் மேடையோரம் வாளியில் துணி நனைந்துகொண்டிருந்தது. நிழலுக்கு உடையவள் என்ற மரியாதைக்கு உலகம்மாளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிழல் போன நாளிலிருந்து அன்றுதான் அதை அவள் டிவி இல்லாமல் பார்த்தாள். மெலிந்து, நீண்டு, கொண்டை ஆட ஆட, புல்லின் மேல் தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது. அவ்வளவு அழகாக ஓடுகிற ஒன்று தன்னிடமிருந்து போனது என்பதை நினைத்தபோது அவளுக்குப் பொறாமையும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தன, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

ஒன்றுக்கு ஒன்று சமமாக நின்றது. எழுபத்தெட்டாம் நிமிடம், சூரியன் மலை உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தபோது, நிழல் பந்துக்காக முன்வரிசைப் பக்கமாக ஒதுங்கி வந்து நின்றது. உலகம்மாள் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகி, கொசுவத்தை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் சொருகி, செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். காவலுக்கு நின்றவர்கள், மைக்செட்காரர் வீட்டம்மா ஏதோ மாலை போடப் போகிறாள் என்று வழிவிட்டார்கள்.

நிழல் ஓடவில்லை. எத்தனையோ பேர் மிதித்துப் பழகிய அது, இந்தக் கால்களை மட்டும் அடையாளம் கண்டு அசையாமல் நின்றது. உலகம்மாள் அதன் குதிகாலில் தன் குதிகாலை வைத்தாள். பழகின செருப்பில் கால் நுழைகிற மாதிரி சேர்ந்துகொண்டது. சேர்ந்த அந்த நொடியில், அதுவரை வராததெல்லாம் வந்தது. எழுபத்து மூன்று கோல்களும், ஒன்றன்பின் ஒன்றாகக்கூட இல்லை, மொத்தமாக அவளுடைய அடிவயிற்றில் பிறந்து ஏறின. அவள் கத்தினாள். காலரியிலிருந்த கைக்குழந்தைகள் எழுந்து அழுதன. மலை ஊர் அணிக்காரியின் நிழல் உதைத்த பந்து தவறி அவள் பக்கம் உருண்டு வந்தது. அவள் அதைப் பட்டுப்புடவையோடு, வெறுங்காலோடு, கூடாத விலா எலும்போடு எடுத்துக்கொண்டு ஓடினாள், மூச்சு வாங்க வாங்க ஓடினாள், இரண்டு நிழல்களைத் தாண்டினாள், தன் காலால் அடித்தாள். வலை குலுங்கியது.

இருபதாயிரம் பேரில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

நடுவர் விசிலடித்து, புத்தகத்தைப் பார்த்து, கையை விரித்தார். குழாய் ஸ்பீக்கரில் குத்தாலிங்கத்தின் குரல், எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் மரியாதையோடு, “அது கோல் கெடையாதும்மா. தயவுசெஞ்சு வெளிய வந்துருங்கம்மா” என்றது. உலகம்மாள் வரவில்லை. மைதானத்திலிருந்த மற்ற நிழல்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, காலரியில் உட்கார்ந்திருந்த பெண்களின் பக்கம் மெதுவாக நகரத் தொடங்கின.

அப்போது காலரியிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். முதலில் வடிவக்கா, பின்னால் பூமயில், அவளுக்குப் பின்னால் உலகம்மாள் மணிக்கட்டைப் பிடித்த பிள்ளைகள், அவர்களுடைய அம்மாமார், எல்லோரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார்கள். உலகம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவளவள் நிழலை அவளவள் எடுத்துக்கொள்ள வருகிறாள் என்று நினைத்தாள். “வாங்க, வாங்க, குதிகால வச்சா போதும்!” என்று இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டாள்.

நீட்டிய கையை வடிவக்கா பிடித்தாள். மற்றக் கையைப் பூமயில் பிடித்தாள். நாலு பேர் காலைப் பிடித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். யாரும் முரட்டுத்தனமாகச் செய்யவில்லை. ஒருத்தி தன் முந்தானையைச் சுருட்டி அவள் தாடைக்கு அடியில் வைத்தாள்.

“அக்கா, என்ன விடுங்கக்கா.”

“ஒரு நிமிசந்தாம்ளா. பல்லக் கடிச்சுக்க. வெளிச்சம் போறதுக்குள்ள ஆட்டத்த முடிக்கணும்லா.”

“பூமயிலு, ஒனக்கு வேண்டாமாட்டி?”

பூமயில் முகத்தைப் பார்க்காமல், “ஆச்சு, ஆச்சு” என்றாள்.

குத்தாலிங்கம் வாளியோடு வந்தான். சாயங்கால வெயிலில் நிழல் தானாகவே மைதானத்தின் பாதிவரை நீண்டு கிடந்ததால் லைட் தேவைப்படவில்லை. துணியை ஊறவைக்க நேரமில்லை, பச்சையாகவே இழுத்தார்கள். முதல் தடவை தானாக எழுந்து போன நிழல் இந்தத் தடவை போக மறுத்துக் குதிகாலைப் பற்றிக்கொண்டது. மூன்று ஆண்கள் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டார்கள், அவள் கத்தியது பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. பிரிந்து விழுந்த நிழல் புல்லில் கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தது. ஹெப்சிபா டீச்சர் வந்து குனிந்து, “எந்திரி” என்றாள். அது எழுந்தது.

எண்பத்தொன்பதாம் நிமிடம் ஒன்பதாம் எண் நிழல் கோல் அடித்தது, மஞ்சணூத்து கோப்பையை வாங்கியது. முன்வரிசை நாற்காலியில், குதிகாலில் ஈரத்துணியைச் சுற்றி உட்கார வைத்திருந்த உலகம்மாள் அந்தக் கோலை மைதானத்து ஓரத்திலிருந்து பார்த்தாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். வடிவக்கா அவளுக்கு சோடா உடைத்துக் கொடுத்தாள், பூமயில் விசிறினாள், கூட்டத்தில் யார் யாரோ வந்து அவளுடைய கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

லீக் தன் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குக் கெட்டி அட்டை போட்ட வரலாற்றுப் புத்தகம் ஒன்று வெளியிட்டது. அதில் ஏழாம் வருடத்து இறுதியாட்டத்துக்கு ஒரு முழுப்பக்கம் இருக்கிறது: கோல் அடித்தவர்கள், மாற்று ஆட்டக்காரர்கள், பார்வையாளர் எண்ணிக்கை, அன்றைய வெயிலின் அளவு எல்லாம் இருக்கின்றன. அடியில், சின்ன எழுத்தில், ‘எழுபத்தெட்டாம் நிமிடத்தில் ஆட்டம் ஆறு நிமிடம் நிறுத்தப்பட்டது. காரணம்: மைதானத்துக்குள் பெண் ஒருத்தி நுழைந்துவிட்டாள்’ என்று போட்டிருக்கிறது.